என் அண்ணியும் மூச்சு முட்டிய டிராக்டரும்

என் அண்ணி டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டது ஆசைப்பட்டு அல்ல. அவர் கணவருக்கு ரிவர்ஸ் வராது, அதனால்தான். முன்னால் போவதென்றால் அந்த மனிதர் சூரர். பின்னால் எடுக்க வேண்டும் என்றால் கை கால் உதறும். ஒரு தடவை சொந்த வைக்கோல் கொட்டகையை இடித்தார். இன்னொரு தடவை பக்கத்து வீட்டுக் குளியலறைச் சுவரை. நல்ல வேளை, உள்ளே ஆள் இல்லை. அன்றைக்கு அண்ணி, "இறங்குங்க போதும், ஊர்ல ஒரு சுவராவது மிஞ்சட்டும்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தவர்தான். முப்பது வருடம் ஆகிறது, இன்னும் இறங்கவில்லை.

அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. கணவர் போய்ப் பதினொரு வருடம். அறுபதுக்கு இன்னும் ஒரு வயது பாக்கி. கணவருடைய பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, ஊரில் பாதிப் பேர் நிலத்தை அவர்தான் உழுகிறார். கோணல் சால் அவருக்கு ஆகவே ஆகாது. ஒரு சால் நாலு விரல் தப்பினாலும், யார் வேண்டாம் என்றாலும், திரும்பிப் போய் அதைச் சரிபண்ணிவிட்டுத்தான் வருவார். ஓட்டும்போது பாடுவார். அந்தப் பாட்டைப் பற்றி நான் எதுவும் சொல்வதாக இல்லை. எஞ்சின் சத்தத்தில் அது கேட்காமல் போவது எல்லோருக்கும் நல்லது.

என் வீட்டுக்காரர் மெக்கானிக். ஊரில் அவருக்கு 'டாக்டர்' என்று பெயர். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பார். பத்துக்கு ஒன்பது சரியாகச் சொல்லிவிடுவார், அதை நான் மறுக்கவில்லை. பட்டறைக்கு முன்பக்கம் உதிரிபாகக் கடை. அது என் ராஜ்யம். எந்த போல்ட்டுக்கு எந்த நட்டு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் எஞ்சினைப் பற்றி நான் வாயைத் திறந்தால் போதும், "உனக்கு எதுக்கு இந்த வம்பெல்லாம்?" என்பார் டாக்டர். இருக்கட்டும், ஒரு நாள் வராமலா போகும் என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணியின் டிராக்டர் நாற்பது வருடத்துக்கு முந்தையது. போன மழைக்காலம் முடிந்து உழவு தொடங்கியபோது அது படுத்த ஆரம்பித்தது. காலையில் கிளம்பும்போது ஒரு குறையும் இருக்காது. அரை மணி நேரம் அழகாக ஓடும். அப்புறம் எஞ்சின் சத்தம் ஏறும், இறங்கும், ஏறும், இறங்கும். இழுவை போய்விடும். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் கேட்காது. கடைசியில் இரண்டு குலுங்கு குலுங்கி நடு வயலில் நின்றுவிடும்.

"டேய் தம்பி, இதுக்கு மூச்சு முட்டுதுடா. யாரோ மூக்கைப் பொத்திப் பிடிச்ச மாதிரி தவிக்குது" என்று அண்ணி போனில் கத்துவார்.

டாக்டர் பைக்கை எடுத்துக்கொண்டு போவார். போனதும் முதல் வேலை, டேங்க் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டு டீசல் இருக்கிறதா என்று பார்ப்பது. அதற்கு ஒரு கதை உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், டீசல் தீர்ந்து நின்ற ஒரு வண்டியின் எஞ்சினை நட்டு நட்டாகப் பிரித்துப் போட்டு, இரண்டு நாள் கழித்து உண்மை தெரிந்து, ஊரே கைகொட்டிச் சிரித்தது. அன்றிலிருந்து குச்சி விடாமல் எந்த வண்டியையும் தொட மாட்டார். அண்ணி வண்டியில் டீசல் எப்போதும் இருக்கும். பில்டர் பக்கம் ஒரு திருகு தளர்த்தி உள்ளே மாட்டிய காற்றை எடுத்துவிட்டு, ஸ்டார்ட் செய்வார். எஞ்சின், மாமியார் முன்னால் புது மருமகள் மாதிரி, அவ்வளவு அடக்கமாக ஓடும். பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு?" என்று அண்ணியை முறைத்துவிட்டு வருவார்.

மறுநாள் மறுபடியும் போன். பில்டரை மாற்றினார். டீசல் வருகிற குழாயை மாற்றினார். இன்ஜெக்டரைக் கழற்றிப் பக்கத்து நகரத்துக்கு அனுப்பிச் சோதித்து வாங்கினார். பம்பைப் பிரித்தார், பூட்டினார். ஒவ்வொரு தடவையும் டாக்டர் பக்கத்தில் இருக்கும் வரை சரி, அவர் தலை மறைந்தால் பழைய குருடி. என் கடையில் அந்த வண்டிக்கு ஆகும் சாமான் எல்லாம் தீர்ந்ததே தவிர, நோய் தீரவில்லை.

ஆறாவது தடவை திரும்பி வந்தபோது மனிதருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நேராக டீக்கடைக்குப் போய், நாலு பேர் நடுவில், "வண்டியில ஒரு கோளாறும் இல்லப்பா. ஓட்டுற கையிலதான் கோளாறு. அக்காவுக்கும் வயசாகுதுல்ல" என்று சொல்லிவிட்டார். டீக்கடையில் சொன்னால் தண்டோரா போட்டதற்குச் சமம். சாயங்காலத்துக்குள் இரண்டு பேர் அண்ணியிடம் சொல்லியிருந்த உழவை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டாம் நாள் அந்தப் பேச்சு நகரத்தில் இருக்கிற அண்ணியின் மகன் காதுக்கும் போய்விட்டது.

பையன் தங்கமானவன், குறை சொல்ல முடியாது. அம்மாவைக் கூட்டிவைத்துக்கொள்ள வேண்டும் என்று மூன்று வருடமாகக் கெஞ்சுகிறான். தன் வீட்டில் தனி அறையே ஒதுக்கி வைத்திருக்கிறான். "மாமாவே சொல்லிட்டாரேம்மா, இன்னும் என்ன? வண்டியைக் குடுத்துட்டு வந்து நிம்மதியா உக்காரு" என்று பிடித்துக்கொண்டான். அண்ணிக்குக் கோபம் வந்தால் நாக்கில் எதுவும் நிற்காது. "ஞாயித்துக்கிழமை விதைக்கடைக்காரரோட ஆறு ஏக்கரை உழணும். நீயே வந்து வரப்புல நின்னு பாரு. நடுவுல ஒரே ஒரு தடவை எஞ்சின் நின்னுச்சுன்னா, அங்கேயே வண்டியை வித்துட்டு உன்கூட வந்துடுறேன். நிக்காம முடிச்சேன்னா, இந்தப் பேச்சை நீ எடுக்கவே கூடாது" என்று சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான். அண்ணி வார்த்தை மாறி நான் பார்த்ததில்லை. பையனும் வாங்குகிற ஆளிடம் பேசி வைத்துவிட்டான்.

வியாழக்கிழமை அண்ணி வீட்டுக்குப் போனேன். கோழிகளை யாருக்குக் கொடுப்பது, தையல் மெஷினை யாருக்குக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். அலமாரியில் பாதி காலி.

"ஒம்போதாவது மாடிம்மா. நல்ல பையன், நல்ல மருமக. ஒரு குறையும் வைக்க மாட்டாங்க. ஆனா காலையில எந்திரிச்சு நான் எங்கே போவேன், சொல்லு" என்றார்.

ஊருக்கே கேட்கிற குரல் அது. அன்றைக்கு எனக்கே காதைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து, சாப்பிட உட்கார்ந்த டாக்டரிடம் தட்டைக்கூட வைக்காமல் கேட்டேன்.

"ஏங்க, அந்த வண்டி உங்களைப் பாத்தா மட்டும் எப்படிங்க சரியாகுது?"

"என் கைராசி அப்படி."

"ராசியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அங்க போனதும் நீங்க என்னமோ பண்றீங்க, அதுல அது சரியாகுது. எதுன்னு உங்களுக்கே தெரியல. ஞாயித்துக்கிழமை நீங்க வண்டியைத் தொடவே கூடாது. குச்சி கூட விடக் கூடாது."

"விளையாடுறியா? தொடாம விட்டா அரை மணி நேரத்துல நின்னுடும். நின்னா அக்கா போயிடும்!" கத்தியவரின் கண் கலங்கியிருந்தது. அக்காமேல் உயிர். அதைச் சொல்லத்தான் வாய் வராது.

"நீங்க தொட்டா மட்டும்? அன்னைக்கு நிக்காது, மறுநாள் நிக்கும். அது திணற ஆரம்பிச்சு நிக்கிறதுக்குள்ள ரெண்டு நிமிஷம் இருக்குன்னு அண்ணி சொல்றாங்க. அந்த ரெண்டு நிமிஷத்துல ஓட்டுற அண்ணியைத் தவிர அதுகிட்ட யாரும் இருந்ததே இல்ல. நான் இருக்கப் போறேன்."

சோற்றை முடிப்பதற்குள் நாலு தடவை சண்டை போட்டோம். ஐந்தாவது தடவை ஒத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு வயலில் இருந்தோம். வரப்பில் அண்ணியின் மகன், பக்கத்தில் விதைக்கடைக்காரர். டாக்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அப்படி நிற்கச் சொன்னதும் நான்தான். அண்ணி டேங்க் நிறைய டீசல் ஊற்றி மூடியை இறுக்கினார். டாக்டரின் கை தானாக மூடிப் பக்கம் போனது. நான் ஒரு பார்வை பார்த்தேன். கை பழைய இடத்துக்குப் போய்விட்டது.

நான் பின்சக்கரத்து மட்கார்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அந்த இருக்கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மனுஷி உட்காருகிற இடமே இல்லை அது. முதல் சுற்று முடிவதற்குள் இடுப்பு எது, முதுகு எது என்று தெரியாமல் போனது. அண்ணியோ பாட ஆரம்பித்துவிட்டார். அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான்.

நாலு சுற்று, ஐந்து சுற்று. மண் கறுப்பாகப் புரண்டுகொண்டே வந்தது. சால் கோடு போட்டது மாதிரி நேராக இருந்தது. ஆறாவது சுற்றில் அண்ணி பாட்டை நிறுத்தினார்.

"வருது" என்றார்.

சத்தம் இறங்கியது. ஏறியது. மறுபடி இறங்கியது. புகைகூடச் சரியாக வரவில்லை. வயலின் அந்தக் கோடியிலிருந்து டாக்டர் ஓடி வருவது தெரிந்தது. உழுத மண்ணில் ஓடுவது லேசா? முழங்கால் வரை புதைந்து, குப்புற விழுந்து, எழுந்து ஓடி வந்தார். அண்ணி கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளினார். வண்டி நின்றது, எஞ்சின் மட்டும் உயிரைப் பிடித்துக்கொண்டு இழுத்தது.

"என்னம்மா பண்றது? சீக்கிரம் சொல்லு!"

எனக்கு மட்டும் என்ன தெரியும்? டாக்டர் இங்கே இருந்தால் முதலில் என்ன செய்வார்? அது ஒன்றுதான் தோன்றியது. மட்கார்டிலிருந்து எக்கி, பானட்மேல் இருந்த டேங்க் மூடியைப் பிடித்துத் திருகினேன். அசையவில்லை. இடுப்பில் செருகியிருந்த ஸ்பேனரால் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி, இரண்டு கையாலும் திருகினேன்.

புஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். குக்கர் விசில் மாதிரிதான், ஆனால் காற்று வெளியே வரவில்லை, உள்ளே போனது. என் உள்ளங்கையையே இழுத்தது. சாகப் போன எஞ்சின் இரண்டு இருமல் இருமியது. அப்புறம் கணீரென்று ஒரே சீராக ஓட ஆரம்பித்தது.

"அடி என் ராசாத்தி!" என்று அண்ணி என் தலையைப் பிடித்து உலுக்கினார். இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம்.

விஷயம் இவ்வளவுதான். டேங்கில் டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்குத்தான் மூடியில் ஒரு பொடி ஓட்டை வைத்திருக்கிறார்கள். அது அடைபட்டால் டீசல் கீழே இறங்காது, எஞ்சின் பட்டினி கிடக்கும். டாக்டர் ஒவ்வொரு தடவையும் முதல் வேலையாக மூடியைத் திறந்தார். நோய் பறந்துவிட்டது. அப்புறம் நோய் எங்கே என்று வண்டி முழுக்கத் தேடினார்.

மூச்சு வாங்க வந்து சேர்ந்த டாக்டர் என் கையிலிருந்து மூடியை வாங்கித் திருப்பினார். உள்பக்கத்தில் வட்டமாக வெட்டிய ஒரு கறுப்பு ரப்பர், சுற்றிலும் பசை போட்டு ஒட்டியிருந்தது. ஓட்டை அதற்குள் ஒளிந்துகொண்டிருந்தது.

அவர் முகம் செத்துப்போனது. எனக்கும் அப்போதே புரிந்துவிட்டது. அது என் கடை ரப்பர். அந்த மாதிரி ஓரத்தைச் சாய்த்து வெட்டுகிற கை ஊரிலேயே ஒன்றுதான். மழைக்காலத்தில் ஒரு நாள், "அக்கா வண்டிக்கு" என்று சொல்லி ஒரு பழைய டியூபை எடுத்துப் போனவர் அவர்தான்.

வரப்பிலிருந்து பையனும் விதைக்கடைக்காரரும் வந்துகொண்டிருந்தார்கள். டாக்டர் நினைத்திருந்தால் அந்த ரப்பரைப் பிய்த்து மண்ணில் போட்டு மிதித்திருக்கலாம். 'தூசி அடைச்சிருந்துச்சு' என்று ஒரு வார்த்தை சொன்னால் கதை முடிந்தது. யாருக்கும் தெரியாது. நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன், கட்டினவர் மானம் எனக்கும் மானம்தானே. ஆனால் அவரே சொல்லிவிட வேண்டுமே என்று என் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"என்ன மாமா, எங்கே கோளாறு?" என்றான் பையன்.

டாக்டர் மூடியைத் திருப்பி அவனிடம் காட்டினார்.

"கோளாறு என்கிட்டதான். மழைத்தண்ணி டேங்க்ல இறங்கிடக் கூடாதேன்னு இந்த ரப்பரை நான்தான் ஒட்டினேன். ஒட்டிட்டு அடியோட மறந்துட்டேன். மூக்கைப் பொத்தினது நான். அதை விட்டுட்டு அக்கா கையில கோளாறுன்னு ஊர் பூரா சொல்லிட்டேன்."

அண்ணி ஸ்டீயரிங்மேல் கையை வைத்துக்கொண்டு தம்பியை மேலிருந்து கீழே பார்த்தார். தலை முதல் கால் வரை சேறு. சட்டென்று வெடித்துச் சிரித்தார்.

"டேய், என்மேல அக்கறை இருந்தா எனக்கு ஒரு குடை வாங்கிக் குடுத்திருக்கலாம்லடா! டேங்க் மூக்கையா போய் அடைப்பே?"

"அக்கா..."

"சரி விடு. என்கிட்ட சொன்னது முடிஞ்சுது. டீக்கடையில சொன்னியே, அதை யாரு போய்த் திரும்ப அள்ளிட்டு வர்றது?"

டாக்டர் ரப்பரைப் பிய்த்தார். என் கொண்டை ஊசியைக் கேட்டு வாங்கி ஓட்டையைக் குத்திச் சுத்தம் பண்ணினார், மூடியைப் போட்டார், அதே சேற்றோடு பைக்கில் ஏறிப் போனார். டீக்கடையில் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்ததாம். டாக்டர் தப்புப் பண்ணினேன் என்று சொன்னதை முதல் இரண்டு தடவை யாருமே நம்பவில்லையாம். எனக்கு அவர்மேல் அன்றைக்கு இருந்த பெருமை கல்யாணத்தன்றுகூட இல்லை, எழுதிக் கொடுக்கிறேன்.

இதற்கிடையில் பையன் மெதுவாக, "ஆனா வண்டி நின்னுச்சேம்மா" என்று இழுத்தான்.

எனக்கு வந்ததே கோபம்! "பேச்சு என்னடா? எஞ்சின் நின்னாத்தானே? அண்ணி கிளட்ச்சை மிதிச்சாங்க, வண்டி நின்னுச்சு. எஞ்சின் நின்னுச்சா? இப்ப உன் காதுல விழுறது என்ன, நாதஸ்வரமா?"

விதைக்கடைக்காரர் தலையை ஆட்டினார். "எஞ்சின் நிக்கல தம்பி. நான் சாட்சி. வழியை விடுங்க, என் நிலத்துல இன்னும் அஞ்சு ஏக்கர் கிடக்கு."

அண்ணி கியரைப் போட்டார். நான் இறங்கிக்கொண்டேன். என் முதுகுக்கு அதற்குமேல் சக்தி இல்லை. மத்தியானம் இரண்டரை மணி வரை அந்த எஞ்சின் ஒரு தடவைகூடத் திணறவில்லை. அண்ணி பாடியது வரப்பு வரை கேட்டது. பையன் நிழலுக்குக்கூடப் போகாமல் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். அம்மா உழுவதை அவன் சின்ன வயதுக்குப் பிறகு முழுதாக ஒரு நாள் பார்த்ததே இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கடைசிச் சாலை முடித்து, வண்டியை வரப்போரம் கொண்டுவந்து, அண்ணி தானே எஞ்சினை நிறுத்தினார். பையன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தான். எங்கள் எல்லோர் முன்னாலும் போனை எடுத்து, வாங்குவதாக இருந்த ஆளிடம், "மன்னிச்சுக்கங்க, வண்டி குடுக்கிறதா இல்ல" என்று சொன்னான். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அழுகிற மாதிரி இருந்தது.

அண்ணி இறங்கி வந்து அவன் கன்னத்தைப் பிடித்தார். பிள்ளை முகமெல்லாம் மண்.

"நீ கூப்பிடுறது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமாடா? எத்தனை பேருக்கு இப்படிப் பிள்ளை வாய்க்கும்? ஆனா 'வந்து உக்காரு'ன்னு கூப்பிடுறியே, அதைக் கேட்டாத்தான் எனக்குப் பயமா இருக்கு. 'வந்துட்டுப் போ'ன்னு கூப்பிடு. ஓடி வந்துடுறேன்."

பையன் மூக்கை உறிஞ்சினான். சிரித்தான்.

"சரிம்மா. எப்போ வந்துட்டுப் போறே?"

"விதைப்பு முடியட்டும்" என்றார் அண்ணி. விதைப்பு முடிந்த மறுநாளே பஸ் ஏறினார். ஒன்பதாவது மாடியில் நாலு நாள் இருந்து, பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டெல்லாம் பாடிக் காட்டி, ஐந்தாம் நாள் விடியும்போது வயலில் இருந்தார்.